கோள்சொல்லிப் பட்டாணி

பஞ்சாயத்துத் தலைவர் சடையப்பன், தான் சொல்லிக்கொள்வதுபோல, விடியற்காலையில் எழுந்து யோகாசனம் செய்கிறவர் அல்ல என்பதை ஊருக்கு முதன்முதலில் தெரிவித்தது ஒரு பட்டாணிச் செடிதான்.

அவர் வீட்டுப் பின்பக்க ஜன்னலுக்கு நேர் கீழே வளர்ந்த செடி அது. அதன் இலையில், செடிகளை ஆராய வந்திருந்த சங்கமித்ரா ஒரு சின்னக் கிளிப்பை மாட்டியபோது நல்ல வெயில் ஏறியிருந்தது. ரேஷன் கடையில் வரிசைகூடக் கலைந்துவிட்டது. ஆனால் அவள் கையிலிருந்த கருவியின் திரை, செடியைப் பொறுத்தவரை அது நடுநிசி என்று காட்டியது. சுற்றி நின்றவர்கள் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். சங்கமித்ரா கள்ளங்கபடமில்லாமல் பதில் சொன்னாள். இந்தச் செடிமேல் ராத்திரி வெகுநேரம் விளக்கு வெளிச்சம் விழுகிறது, அதனால் அதன் பொழுது பிந்திவிட்டது என்றாள். எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். உள்ளே தலைவர் வாயில் பிரஷ்ஷோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அந்தக் கருவிக்குக் கோள்சொல்லி என்று பெயர் வந்துவிட்டது. அதற்கு ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயர் வேறு. நாளடைவில் சங்கமித்ராவே அதை மறந்துவிட்டாள்.

ஊர் தாழிக்காடு. கொடைக்கானலுக்கும் மேலே, கடைசி பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால் இருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி தாழி போலக் குழிந்த நிலம். கிழக்குக் கரையில் ஒரு தெரு, மேற்குக் கரையில் ஒரு தெரு, நடுவில் படிப்படியாக இறங்கும் வயல். மலையிலிருந்து வழிகிற குளிரெல்லாம் அந்தக் குழியில்தான் வந்து தேங்கும். இரண்டு வருடமாக உறைபனி காலம் தவறி முன்கூட்டியே வந்து, கேரட்டையும் பீன்ஸையும் அவித்த கீரை போலக் கறுக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. இன்னொரு வருடம் அப்படியானால் ஊரைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்குப் போகவேண்டியதுதான் என்று பாதிப் பேர் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் சமவெளியில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் புதுரகப் பட்டாணியையும், அதைப் பார்த்துக்கொள்ளச் செடிகளின் கடிகாரத்தைப் படித்த முனைவர் சங்கமித்ராவையும் சேர்த்து அனுப்பியது.

டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு முதல் நாளே முழங்கால் வலிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். தான் அந்த டாக்டர் இல்லை என்று அவள் எடுத்துச் சொன்னாள். செடிக்கே மருந்து தெரிந்தவளுக்கு மனிதனுக்குத் தெரியாமலா போகும் என்று அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். ஆகவே அவள் டாக்டரம்மாதான்.

விதைப்புக்கு முன் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கிழக்குக்காரர்கள் ஒரு பக்கமும் மேற்குக்காரர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் படுக்கலாம் போல இடம் விட்டிருந்தார்கள். அது ஏன் என்று சங்கமித்ராவுக்கு அப்போது தெரியாது.

"ஒவ்வொரு செடிக்குள்ளயும் ஒரு கடிகாரம் ஓடுதுங்க. ஒரே குளிர்தான். அது செடியோட கணக்குல காலை நேரத்துல பட்டுச்சுன்னா, ஏதோ வரப்போகுதுன்னு செடி எச்சரிக்கை ஆயிடும். உடம்புல சர்க்கரையைச் சேர்த்துக் கம்பளி போட்டுக்கும். அதே குளிர் அதோட கணக்குல ராத்திரியில பட்டா, ராத்திரின்னா குளிரத்தான் செய்யும்னு கண்டுக்காம விட்டுடும். அப்புறம் உறைபனி வந்தா போச்சு."

இந்தப் புதுப் பட்டாணிக்குக் குளிரைக் கேட்கும் காது ரொம்பக் கூர்மை என்றும், அதனாலேயே அதன் கடிகாரமும் நோஞ்சான், ஒரு ஜன்னல் வெளிச்சம் போதும், பொழுது குழம்பிவிடும் என்றும் அவள் சொன்னாள். கூட்டத்துக்குப் புரிந்ததா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அப்போது மேற்குப் பக்கத்திலிருந்து அழகுமீனா என்ற பெண் எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மாதிரின்னு சொல்லுங்க. சாப்பிடுறதுக்கு முன்னாடி என்ன சொன்னாலும் காதுல ஏறாது. சாப்பிட்டுக் கையக் கழுவுறப்ப சொன்னா ஏறும்."

மேற்குப் பக்கம் முழுக்கச் சிரித்தது. கிழக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெண் தன்னை மறந்து சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் பெயர் பஞ்சவர்ணம். அழகுமீனாவின் கூடப்பிறந்த அக்காள்.

கதை பின்னால்தான் சங்கமித்ராவுக்குத் தெரியவந்தது. பண்ணைக்காடு என்ற ஊரில் ஒரே பந்தலில் அண்ணன் தம்பிக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் அந்த அக்காள் தங்கை. அண்ணன் குழந்தைவேலுவின் வீடு கிழக்குக் கரையின் ஓரத்தில். தம்பி தனுஷ்கோடியின் வீடு மேற்குக் கரையின் ஓரத்தில். இரண்டும் வயலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக ஒன்றையொன்று முறைத்தபடி நிற்கும். பாகப்பிரிவினையின்போது எல்லையில் நின்ற ஒரு பேரிக்காய் மரம் யாருக்கு என்று தகராறு வந்து வழக்கானது. மரம் ஒரு மழையில் விழுந்து விறகாகிவிட்டது. வழக்கு மட்டும் விழாமல் நின்றது.

சண்டை இரண்டு வீட்டோடு நிற்கவில்லை. கிழக்குத் தெரு அண்ணனுக்கும் மேற்குத் தெரு தம்பிக்கும் என்று ஊர் பிரிந்தது. டீக்கடை இரண்டாயிற்று. திருவிழா இரண்டாயிற்று. மேற்குக்கரைச் சலூனில் கிழக்குக்காரர்களுக்கு முடி வெட்டுவதில்லை என்பதால் அவர்கள் மன்னவனூர் வரைக்கும் பஸ் ஏறிப்போய் வெட்டிக்கொண்டு வந்தார்கள். பஞ்சவர்ணம் தங்கை வீட்டு வாசலில் இருந்த குழாயைத் தொடாமல், தினமும் சரிவில் இறங்கி ஊற்றில் தண்ணீர் மொண்டாள். தலைவர் சடையப்பனின் மகன் மேற்குக்கரைப் பெண் ஒருத்தியை விரும்பினான். குழந்தைவேலுவுக்கு நான் துரோகம் செய்யமாட்டேன் என்று தலைவர் ஒற்றைக்காலில் நின்று அதைத் தடுத்தார். மகன் கோயம்புத்தூருக்குப் போனவன் திரும்ப வரவில்லை.

பொதுவயலில் பட்டாணி விதைக்கக்கூட இரண்டு தரப்பும் சேர்ந்து இறங்கவில்லை. முற்பகல் கிழக்கு, பிற்பகல் மேற்கு.

ஆனால் கோள்சொல்லிக்குக் கட்சி கிடையாது. அது இரண்டு தெருவையும் சமமாக அவமானப்படுத்தியது. தொலைக்காட்சித் தொடரா, அந்தக் குப்பையை யார் பார்ப்பார்கள் என்று இளைஞர்களைக் கண்டித்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஜன்னலடிச் செடிகள், அவர் ஒரு தொடரையும் விடுவதில்லை என்று அறிவித்தன. புதிதாகக் கல்யாணமான ஒரு வீட்டின் கீழிருந்த வரிசையைக் கடக்கும்போது பெண்கள் தொண்டையைச் செருமினார்கள். அந்த மணப்பெண் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. இது செடிக்கு வைத்தியமா, ஊரை வேவு பார்க்கிற வேலையா என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார்.  செடியின் நேரத்தைத்தான் சங்கமித்ரா படிக்க வந்தாள். மனிதர்களின் நேரம் அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

எப்படியோ, மானத்துக்குப் பயந்து ஊர் சீக்கிரம் விளக்கணைக்கப் பழகிக்கொண்டது. சிலர் சாக்குத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். தலைவர் உண்மையாகவே விடியலில் எழ ஆரம்பித்து, அது எவ்வளவு கொடுமையான பழக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வயலில் இருந்த செடிகள் ஒவ்வொரு வரிசையாகச் சூரியனோடு ஒத்துவந்தன.

இரண்டு இடங்கள் மட்டும் ஒத்துவரவில்லை. ஒன்று குழந்தைவேலுவின் ஜன்னலடி. இன்னொன்று தனுஷ்கோடியின் ஜன்னலடி. அதைவிட விசித்திரம், இரண்டு இடத்துச் செடிகளும் ஒரே அளவு பிந்தியிருந்தன. வயலின் இரண்டு கோடியில் இருக்கும் செடிகள் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே தவறான நேரத்தைக் காட்டின.

அவள் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். எனக்குத் தூக்கம் வராத வியாதி, அதற்குக் காரணம் என் தம்பி என்றார் குழந்தைவேலு. எனக்கும் தூக்கம் வராத வியாதி, அதற்குக் காரணம் என் அண்ணன் என்றார் தனுஷ்கோடி. இரண்டு பேருமே அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கார்த்திகையில் தனுஷ்கோடி ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக வத்தலக்குண்டுக்கு இறங்கினார். திரும்பும்போது மலைப்பாதையில் மண் சரிந்து, சில நாள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. அந்த நாட்களில் அவர் ஜன்னலடிச் செடிகள் நேரத்துக்கு வர ஆரம்பித்தன. அது எதிர்பார்த்ததுதான். கிழக்கே, ஊரைவிட்டு நகராத குழந்தைவேலுவின் செடிகளும் அதே நாட்களில் நேரத்துக்கு வர ஆரம்பித்தன. தனுஷ்கோடி ஊர் வந்து சேர்ந்ததும் இரண்டும் ஒன்றாகக் கெட்டன.

சங்கமித்ரா வயலில் தனியாக நின்று சிரித்துவிட்டாள். பிறகு குழந்தைவேலுவைத் தேடிப் போனாள். அவர் மருந்து தெளிக்கும் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி ஊர்ல இல்லாதப்ப உங்க செடி நல்லாத் தூங்குச்சுங்க அண்ணே" என்றாள்.

அவர் கழுவுவதை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். "இது இன்னும் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியாது என்றதும் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயம் ஆடுபுலி ஆட்டம். அண்ணனும் தம்பியும் ஊர் அடங்கியபின் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பலகையை எதிரில் வைத்து, போனில் ஒருவருக்கொருவர் காய் நகர்த்தல்களைச் சொல்லி ஆடினார்கள். வருடக்கணக்காக ஆடினார்கள். ஆரம்பித்தது இப்படித்தான்: ஒருமுறை வழக்கு வாய்தாவுக்குப் போய்த் திரும்புகையில் ஒரு பாலத்தருகே பஸ் பழுதாகி நின்றது. இருவரும் பாலத்துச் சுவரில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவன் கரித்துண்டை எடுத்துச் சும்மா கோடு போட்டான். நான் சும்மா ஒரு கல்லை வச்சேன். அம்புட்டுத்தான் டாக்டரம்மா."

அப்படியானால் சண்டையை முடித்துக்கொண்டால் என்ன என்று அவள் கேட்டாள். அவர் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எனக்காக இந்தத் தெருவே இத்தனை வருசமா அவனை முறைச்சுக்கிட்டு நிக்குது. நாங்க எப்பவோ ராசியாயிட்டோம்னு இப்பப் போயிச் சொன்னா ரெண்டு பேரையும் உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாங்க. சண்டை எங்க கையில இல்லம்மா. அது ஊருச் சொத்தாகி ரொம்ப நாளாச்சு."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை. பனி முடியும்வரை ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாள். அவர் முகம் வாடியதைப் பார்த்து, சரி, விளக்கில்லாமல் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டாவது ஆடுங்கள், வெளிச்சம் வெளியே வரக்கூடாது என்று ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தாள். தன் வாழ்நாளில் இதைவிட மோசமான யோசனை எதையும் தான் சொன்னதில்லை என்று பிற்பாடு அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒரு வாரம் எல்லாம் சரியாக நடந்தது. செடிகள் தேறின. பிறகு ஒரு நாள் பகலில் பஞ்சவர்ணம் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஆண்களுக்கு ஐம்பது வயதுக்குமேல் மூளையில் ஏதாவது வியாதி வருமா என்று கேட்டாள். என்ன அறிகுறி என்றதற்கு, போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு உள்ளே போனைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றாள். 'என்னைய அடைச்சிட்டியே' என்று குசுகுசுப்பாக யாரிடமோ சொன்னாராம். சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

 பயப்பட ஒன்றும் இல்லை, அவர் தப்பான ஆள் இல்லை என்று மட்டும் சங்கமித்ரா சொன்னாள். பஞ்சவர்ணம் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் அழகுமீனா வந்தாள். அதே கேள்வி, அதே போர்வை. அவள் புருஷன் 'இன்னைக்கு என்னைய வெட்டிட்டியே' என்று கொஞ்சலாகச் சொன்னாராம். எந்தச் சிறுக்கி அவரை வெட்டினாள் என்று தெரிந்தால் தான் அவளை வெட்டத் தயார் என்றாள். அழகுமீனா அழவில்லை. ஆனால் அழாமல் இருக்க அவள் படும் பாடு தெரிந்தது.

வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று சங்கமித்ரா அன்றும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மனைவிகளும், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல், ஒரே முடிவுக்கு வந்தார்கள். போர்வை தலைக்குமேல் போகக்கூடாது. போன் அலமாரியில் பூட்டப்படும். படுக்கையறை விளக்கு அணைக்கப்படக் கூடாது, இவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவேண்டும். ஆட்டம் நின்றுபோயிற்று. விளக்குகள் மட்டும் இரவெல்லாம் எரிந்தன. அண்ணனும் தம்பியும் அந்த வெளிச்சத்தில் குற்றவாளிகளைப் போல மல்லாந்து படுத்துக்கிடந்தார்கள். மனைவிகள் சுவரில் சாய்ந்து காவலிருந்தார்கள். கீழே பட்டாணிச் செடிகளுக்கு எது பகல், எது இரவு என்று ஒன்றும் விளங்கவில்லை. காலைக் குளிர் வந்து தட்டியபோது அவை திரும்பிப் படுத்துக்கொண்டன.

கோள்சொல்லி அந்த இரண்டு இடத்திலும் முன்பு காட்டியதைவிட மோசமாகக் காட்டியது. சங்கமித்ரா இரண்டு வீட்டுக்கும் ஓடினாள். இரண்டு பெண்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பட்டாணி போனால் போகட்டும், என் குடும்பம் பெரிதா, பட்டாணி பெரிதா. குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவள் சொன்னாள். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டார்கள். கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள்.

மார்கழியில் உறைபனி இறங்கியது.

விடிந்ததும் ஊர் மொத்தமும் கரைகளில் வந்து நின்றது. குழி முழுக்க வெள்ளை. வெயில் ஏறி அந்த வெள்ளை உருக உருக, பட்டாணிச் செடிகள் ஒவ்வொரு படியாகப் பச்சையாக வெளிப்பட்டன. விறைப்பாக, உயிரோடு, இலை மடங்காமல் நின்றன.  இரண்டு வருடம் தோற்றவர்களுக்கு ஜெயித்ததை நம்ப நேரம் பிடித்தது. முதலில் தலைவர்தான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் வெள்ளை முழுவதும் உருகியது. கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு கறுப்பு விசிறிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஜன்னலில் தொடங்கி வயலுக்குள் அகலமாக விரிந்திருந்தது. வெளிச்சம் எங்கெங்கே விழுந்ததோ அங்கெல்லாம் செடி செத்திருந்தது. இதைப் படிக்கக் கருவி தேவைப்படவில்லை.

தலைவர் இரண்டு குடும்பத்தையும் வயல் நடுவே வரச்சொன்னார். அவ்வளவு பேருக்கு நடுவில் அக்காளும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள். ஊர்ப் பயிர் என்று தெரிந்தும் ஏன் விளக்கை எரியவிட்டீர்கள் என்று தலைவர் கேட்டார்.

பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தினாள். "எரியவிட்டது நான்தான். இவரு போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. நான் காவல் இருந்தேன்."

 எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல், ரொம்ப நாளாக உபயோகிக்காத சொல்லை நினைவுபடுத்திக்கொள்வதுபோலத் தயங்கிக் கேட்டது.

"அக்கா, மாமாவும் போர்வைக்குள்ளயா?"

பஞ்சவர்ணம் தங்கையைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பித் தங்கள் புருஷன்மார்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் குழந்தைவேலு கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தனுஷ்கோடி தலைகுனிந்து, அண்ணன் புலி, நான் ஆடு என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டார்.

பெண் விவகாரமாக இருந்திருந்தால் ஊர் இவ்வளவு கொதித்திருக்காது. மன்னவனூருக்கு முடிவெட்டப் போனவர்கள் கொதித்தார்கள். இரண்டு டீக்கடைக்காரர்களும் ஒருவருக்கொருவர் தோள்கொடுத்துக் கத்தினார்கள். சமாதானமாவது என்றால் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆகக்கூடாதா, நாங்கள் என்ன கேனையர்களா என்றார் ஆசிரியர். சடையப்பன் மட்டும் கத்தவில்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "என் மகனுக்கு நான் என்னய்யா பதில் சொல்லுவேன்" என்று குழந்தைவேலுவிடம் கேட்டார்.  தலைவர் எழுந்து, போனைக் காதில் வைத்தபடி கூட்டத்தை விட்டுத் தள்ளிப்போனார்.

சத்தம் ஓய்ந்தபின் பஞ்சவர்ணம் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கம்மா செத்த அன்னைக்கு நானும் இவளும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து அழுதோம். உங்க ரோசத்துக்காகத்தான். கட்டிப்பிடிச்சு அழக்கூட விடல நீங்க. சண்டையை எங்க தலையில தூக்கி வச்சுட்டு, சமாதானத்தை மட்டும் நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டீங்க."

பிறகு சங்கமித்ராவிடம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றாள் சங்கமித்ரா.  பஞ்சவர்ணம் எதிரே போய்த் தங்கையின் கையைப் பிடித்தாள். இருவரும் கறுத்த செடிகளை மிதித்துக்கொண்டு மேற்கு வீட்டுக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் திறந்தது. தனுஷ்கோடியின் துணிமணிகள் ஒரு மூட்டையாக வெளியே வந்தன.

அப்படித்தான் அண்ணனும் தம்பியும் கிழக்கு வீட்டில் ஒன்றாகக் குடியிருக்க நேர்ந்தது. மறைக்க ஒன்றும் இல்லாததால் பட்டப்பகலில், பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க ஆடினார்கள். கிழக்கு புலிக்கும் மேற்கு ஆட்டுக்கும் யோசனை சொன்னது. மாசி பிறப்பதற்குள் இருவரும் தனித்தனியாகச் சங்கமித்ராவிடம் வந்து புகார் செய்தார்கள். போனில் ஆடியவரை அண்ணன் யோக்கியன், நேரில் ஆடும்போது திருட்டுத்தனமாக விரலால் கல்லை நகர்த்துகிறான் என்றார் தம்பி. அவன் ஆடு தோற்றால் சோற்றில் உப்பை அள்ளிப்போடுகிறான் என்றார் அண்ணன். அடுப்படியில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்துக்கொண்டு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை உண்மையாகவே நிறுத்தினார்கள். ஆனால் இதற்காக முறைத்துக்கொள்ள ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. சலூனில் எல்லோருக்கும் முடி வெட்டப்பட்டது.

பட்டாணி நன்றாக விளைந்தது. அடுத்த பருவத்துக்கும் அதே விதையைப் போட்டார்கள். சங்கமித்ரா மறுபடி கிளிப்புகளோடு வயலில் இறங்கினாள். ஊர் முழுக்கச் செடிகள் ஒழுங்காக இருந்தன. மேற்கு வீட்டு ஜன்னலடியில் மட்டும் ஒரு பெரிய விசிறி அளவுக்குப் பொழுது தாறுமாறாக இருந்தது. கூட்டத்தில் அதைச் சொன்னாள். விளக்கை அணைக்கச் சொல்லி அந்த அக்காள் தங்கையிடம் யார் போய்ச் சொல்வது என்று தலைவர் கேட்டார். யாரும் எழவில்லை. குழந்தைவேலுவும் தனுஷ்கோடியும் மும்முரமாகக் கூரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் சங்கமித்ராவே போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் ஒரு முறத்தைத் தள்ளிவிட்டு, பேசிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். யார் காதில் தட்டான் எந்தக் கம்மலைப் போட்டான், யாருக்குச் சாப்பாடு போதவில்லை, யார் கோபித்துக்கொண்டு பந்தியில் எழுந்தார் என்று பேச்சு போயிற்று. ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள். சங்கமித்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன விசேஷம், எப்போது நடந்தது என்று கேட்டாள்.

"எம் மூத்தவளுக்குக் காது குத்துனது" என்றாள் அழகுமீனா. "அக்கா வரலைல்ல. அதான் சொல்லிக்கிட்டிருக்கேன். பிரிஞ்ச நாள்லருந்து நடந்ததையெல்லாம் ராத்திரி ராத்திரியா வரிசையாப் பேசிட்டு வர்றோம். இப்பத்தான் இதுக்கு வந்திருக்கோம்."

மூத்தவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள் சங்கமித்ரா.

"மதுரையில காலேஜ் முடிக்கப் போறா" என்றாள் பஞ்சவர்ணம், இன்னொரு காயைப் பிரித்தபடி. "என்ன டாக்டரம்மா, ஏதோ சொல்ல வந்தீங்களே."

சங்கமித்ரா ஜன்னலைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. இந்த ஜன்னலடியில இனிமே பட்டாணி வேண்டாம்னு நெனைக்கிறேன். பனி தாங்குற பூண்டு போட்டுக்கலாம்."